அண்ணா அனுப்பும் ஐபோனா, கடையில் உள்ள புது அன்ட்ரொய்டா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுசுட்டானில் இருக்கிறீர்கள். கையில் ஒரு லட்சம் ரூபா அளவில் இருக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணா தான் பாவித்த ஐபோன் ஒன்றை வருகிற ஆளிடம் கொடுத்துவிடலாம் என்கிறார், மொடல் இன்னும் சொல்லவில்லை. கடைக்காரர் புது சாம்சங் எடுங்கோ என்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் "அன்ட்ரொய்ட் என்றால் ஹக் பண்ணிப்போடுவாங்கள், ஐபோனை ஒன்றும் செய்யேலாது" என்கிறார்கள். இன்னொருவர் அப்டேட் போட்டால் போன் செத்துப்போகும் என்று பயமுறுத்தியிருக்கிறார். கடைசி வரியில், இப்போது கையில் இருக்கும் அன்ட்ரொய்ட் 9 போனை அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தலைப்பில் "எது திறம்" என்று போட்டிருந்தாலும், நான் வாசித்த அளவில் உங்கள் கேள்வி வேறு. சம்பளக்காசு வந்து விழுகிற வங்கி ஆப்பை வைத்துக்கொண்டு ஐந்து வருசம் பயமில்லாமல் பாவிக்க எந்தப் போன் தாங்கும், இடையில் பழுதானால் இங்கேயே திருத்தலாமா என்பதுதான்.

கிளிநொச்சியில் போன் திருத்துகிற வேலை எனக்கு, கன வருசமாக. இதில் ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். என் மேசைக்கு வருவது உடைந்த போன்கள்தான். நன்றாக ஓடுகிற போனை யாரும் எனக்குக் கொண்டுவந்து காட்டமாட்டார்கள். ஒரு மார்க் என்னிடம் அதிகம் வருகிறது என்றால் அது கெட்ட மார்க் என்றும் இருக்கலாம், இங்கே அதிகம் விற்கிற மார்க் என்றும் இருக்கலாம். அதனால் அப்டேட் பற்றிச் சொல்வதை நிச்சயமாக எடுங்கள், அது பெரும்பாலும் கம்பனிகளே எழுத்தில் கொடுத்தது, மிச்சம் நடந்து முடிந்த கணக்கு. பாதுகாப்பு பற்றியது பெரும்பாலும் வெளியில் நிரூபிக்கப்பட்டது. எது கனகாலம் உழைக்கும் என்பதை மட்டும் ஒரு திருத்துகிறவனின் அபிப்பிராயமாக எடுங்கள்.

அப்டேட்டில் இருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டும் கடைசியில் இதில்தான் வந்து முட்டும். ஐபோனில் சிப்பை வடிவமைப்பதும் அப்பிள், மென்பொருள் எழுதுவதும் அப்பிள். ஹக் பண்ணுகிறவர் நுழையக்கூடிய ஒரு மென்பொருள் ஓட்டைக்கு அடைப்பு தயாரானால் ஆதரவு உள்ள எல்லா ஐபோனுக்கும் அதே நாளில் வெளியாகும். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கும் ஒட்டுசுட்டானில் இருக்கும் உங்களுக்கும் ஒரே நாள்தான். அன்ட்ரொய்டில் அது இரணைமடுத் தண்ணீர் மாதிரி. குளத்தின் கதவைத் திறப்பது கூகுள். தண்ணீர் முதலில் குவால்கொம், மீடியாரெக், யுனிசொக் போன்ற சிப் கம்பனிகளின் வாய்க்காலுக்கு வரவேண்டும், பிறகு சாம்சங், சியோமி, விவோ என்று போன் செய்கிறவரின் கிளை வாய்க்காலுக்குப் போகவேண்டும், அங்கிருந்து உங்கள் மொடலுக்கு வரவேண்டும். விலை கூடின போன் குளத்துக்குக் கிட்ட இருக்கும் வயல். மலிவுப் போன் வாய்க்காலின் கடைசி வயல், அதற்குப் பிந்தித்தான் வரும், சில வருசத்தில் வராமலே நின்றுவிடும்.

கூகுளுக்கு இது தெரியாமல் இல்லை. 2015 ஜூலையில் ஸ்ரேஜ்பிரைட் என்ற பெரிய ஓட்டை வெளியில் வந்தது. ஒரு வீடியோச் செய்தியை அனுப்பியே போனுக்குள் நுழையலாம் என்ற நிலை. அதற்குப் பிறகுதான் மாதாமாதம் பாதுகாப்பு அடைப்பு வெளியிடும் வழக்கம் தொடங்கியது. 2017இல் அன்ட்ரொய்ட் 8 வந்தபோது கூகுளின் பகுதியையும் சிப், போன் கம்பனிகளின் பகுதியையும் பிரித்து, அப்டேட் செய்வதை இலேசாக்கினார்கள். 2019இல் அன்ட்ரொய்ட் 10இல் சில முக்கியமான பகுதிகளை பிளே ஸ்ரோர் வழியாக நேரடியாகவே அனுப்பத் தொடங்கினார்கள். ஆகவே பத்து வருசத்துக்கு முந்திய கதையை வைத்து "அன்ட்ரொய்டுக்கு அப்டேட்டே வராது" என்று சொல்வது இப்போது சரியில்லை. எந்த அன்ட்ரொய்ட் என்பதுதான் கேள்வி.

ஐபோனின் கணக்கு இப்படி. 2015இல் வந்த 6எஸ் மொடலுக்கு 2021 வரை புதுப் பதிப்புகள் வந்தன. அதற்குப் பிறகும் மோசமான ஓட்டைகளுக்கு மட்டும் அடைப்பு வந்துகொண்டே இருந்தது, 2025இலும் ஒன்று வந்தது. 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் இரண்டையும் 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26, அதாவது ஐபோனின் அடிப்படை மென்பொருளின் அந்த வருசப் பதிப்பு, கைவிட்டது. அதற்கு 2019இல் வந்த 11உம் அதற்குப் பிந்தியவையும் வேண்டும். அதாவது ஒரு ஐபோனுக்கு அது பிறந்ததில் இருந்து ஆறு ஏழு வருசம் முழு அப்டேட், பிறகு சில வருசம் அரைகுறை அடைப்பு. அரைகுறை என்று நானாகச் சொல்லவில்லை. தெரிந்த எல்லா ஓட்டைகளும் பழைய பதிப்பில் அடைக்கப்படுவதில்லை என்று அப்பிளே எழுதியிருக்கிறது. அப்பிள் இத்தனை வருசம் என்று பெட்டியில் எழுதிக் கொடுப்பதும் இல்லை. 2024இல் பிரித்தானியச் சட்டம் கேட்டதால் 15 புரோ மக்ஸுக்குக் குறைந்தது ஐந்து வருசம் என்று எழுத்தில் கொடுத்தது. மிச்சமெல்லாம் பழைய நடத்தையை வைத்து நாங்கள் போடும் கணக்கு, ஆனால் அந்தக் கணக்கு இதுவரை அவ்வளவாகப் பிசகவில்லை.

அன்ட்ரொய்ட் பக்கம் வாக்குறுதி இப்போது எழுத்திலேயே இருக்கிறது. கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8க்கு ஏழு வருசம் என்றது, சாம்சங் 2024 தொடக்கத்தில் எஸ்24க்கு அதையே சொன்னது. பிக்சல் இலங்கையில் அதிகாரபூர்வமாக விற்பனையில் இல்லை, எஸ் வரிசை உங்கள் காசுக்கு மேலே, அதனால் இரண்டையும் விடுங்கள். உங்களுக்கு வேண்டிய செய்தி கீழ் வரிசையில் இருக்கிறது. 2023 கடைசியில் வந்த கலக்ஸி ஏ15க்கு நாலு புதுப் பதிப்பும் ஐந்து வருசப் பாதுகாப்பும். 2024 கடைசியில் வந்த ஏ16க்கு ஆறு பதிப்பும் ஆறு வருசமும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கடையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்றின் காலம் 2028 கடைசியோடு முடிகிறது, மற்றது 2030 கடைசி வரை போகிறது. இந்த ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள்: வருசக்கணக்கு தொடங்குவது அந்த மொடல் உலகத்தில் முதலில் வெளியான நாளில் இருந்து. நீங்கள் காசு கொடுத்து வாங்கின நாளில் இருந்து அல்ல. இரண்டு வருசம் அலுமாரியில் கிடந்த போனைப் புதுப்பெட்டியோடு வாங்கினால் இரண்டு வருச அப்டேட்டை அந்த அலுமாரி ஏற்கெனவே தின்றுவிட்டது.

இன்னும் மலிவான போன்களில் இரண்டு மூன்று வருசம்தான், சிலதுக்கு எங்கேயும் ஒன்றும் எழுதியிருக்காது. எழுதாததை இல்லை என்றே எடுங்கள். கடையில் போனைக் கையில் வாங்கினால் கமராவைப் பார்ப்பதற்கு முதல் செற்றிங்ஸுக்குள் போய் "அபவுட் போன்" பகுதியில் பாதுகாப்பு அடைப்பின் திகதியைப் பாருங்கள். திகதி பழையதென்றால் வைஃபை கொடுத்து அப்டேட் தேடச் சொல்லுங்கள். தேடியும் ஒன்றும் வராமல் திகதி ஒரு வருசம் பிந்தி நின்றால் அந்தப் போனைத் திருப்பி வைத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

சரி, அப்டேட் போட்டால் போன் சாகுமா? இந்தப் பயத்துக்கு ஒரு அடிப்படை இருக்கிறது. 2017 டிசம்பரில் அப்பிள், பற்றரி பழசான சில ஐபோன்களை அப்டேட் வழியாக மெதுவாக்கியதை ஒத்துக்கொண்டது. போன் திடீரென்று நிற்காமல் இருக்கத்தான் செய்தோம் என்றது, அதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் பாவிப்பவருக்குச் சொல்லாமல் செய்தது பிழை. அடுத்த வருசம் பற்றரி மாற்றும் விலையைக் குறைத்தார்கள். 2025 ஜனவரியில் கூகுள், பிக்சல் 4ஏ போன்களுக்கு ஒரு அப்டேட் அனுப்பி, சிலவற்றின் பற்றரிக் கொள்ளளவையே குறைத்தது. ஆகவே இரண்டு பக்கமும் கை சுத்தமில்லை.

ஆனால் என்னிடம் "அப்டேட் போட்டேன், செத்துப்போச்சு" என்று வருகிற போன்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் கதை வேறாக இருக்கும். உள் இடம் நிரம்பி வழிகிற 32 ஜிபி போன், பற்றரி பத்து வீதத்தில் நிற்கும்போது தொடங்கிய அப்டேட், இடையில் கரண்ட் போனது. அல்லது ஏற்கெனவே சூட்டில் களைத்துப்போயிருந்த மதர்போர்ட், பெரிய அப்டேட் போடும்போது வரும் நீண்ட நேரச் சூட்டில் விழுந்தது. டிஸ்பிளேயில் பச்சைக்கோடு விழுந்து வருகிறவர்களும் அப்டேட்டைத்தான் திட்டுவார்கள். என் அபிப்பிராயம், பலவீனமாக இருந்த இணைப்பை அந்தச் சூடு வெளியில் காட்டிவிடுகிறது. அடைப்பைப் போடாமல் விடுவது இதற்கு மருந்தில்லை. முதலில் படங்களை வேறு இடத்தில் சேமித்து, குறைந்தது ஐந்தாறு ஜிபி இடம் விட்டு, பற்றரியைப் பாதிக்கு மேல் ஏற்றி, இரவு டேட்டா இருக்கும்போது கவரைக் கழற்றி வைத்துவிட்டுப் போடுங்கள். பெரிய புதுப் பதிப்பு வந்தவுடன் ஓடிப்போய்ப் போடத் தேவையில்லை, இரண்டு மூன்று கிழமை பார்க்கலாம். மாதாந்தப் பாதுகாப்பு அடைப்பைப் பிற்போடாதீர்கள்.

இனி ஹக் விஷயம். ஐபோனை ஒன்றும் செய்யேலாது என்பது பொய். 2021 செப்டம்பரில் அப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 14.8ஐ வெளியிட்டது. போன்காரர் எதையும் தொடாமலே ஐமெசேஜ் வழியாகப் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் புகுந்த ஓட்டையை அடைக்கத்தான் அது. 2015இல் களவு நிரல் கலந்த ஆப்கள் அப்பிளின் ஆப் ஸ்ரோருக்குள்ளேயே வந்திருந்தன. ஆனால் பெகாசஸ் மாதிரியானவை பெருங்காசு கொடுத்து அரசுகள் வாங்குகிற சாமான், குறி வைப்பது ஊடகவியலாளர்கள், செயற்பாட்டாளர்கள், அரசியல்வாதிகள் போன்றவர்களை. நீங்கள் அப்படியான வேலையில் இருந்தால் ஐஓஎஸ் 16இல் இருந்து வரும், போனின் பல வசதிகளை மூடிக் காக்கும் லொக்டவுன் முறையைப் பற்றிப் படியுங்கள், என்னைவிட அந்தத் துறைக்காரர் ஒருவரிடம் கேளுங்கள். சாதாரண ஆளுக்கு வரும் ஆபத்து இது இல்லை.

சாதாரண ஆளுக்கு எங்கள் ஊரில் வருகிற ஆபத்து மூன்று வழியால் வருகிறது. முதலாவது ஏபிகே. பிளே ஸ்ரோருக்கு வெளியில் இருந்து ஆப்பை நேரே இறக்கிப் போடுவது. இது அன்ட்ரொய்டில் சுலபம், ஐபோனில் இங்கே நடைமுறையில் முடியாது, ஆகவே இந்த ஒரு இடத்தில் ஐபோன் தெளிவாக முன்னுக்கு நிற்கிறது. இங்கே எத்தனை போனில் "ஜிபி வட்ஸ்அப்" இருக்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும். மற்றவர் அழித்த செய்தியைப் பார்க்கலாம், நீல சரி விழாது என்று போடுகிறார்கள். அதைச் செய்தது வட்ஸ்அப் இல்லை, யாரோ. உங்கள் செய்தி, படம், தொடர்பு இலக்கம் எல்லாம் அந்த யாரோவின் கையைத் தாண்டித்தான் போகிறது. அதோடு அப்படியான ஆப் பாவித்தால் வட்ஸ்அப் உங்கள் இலக்கத்தையே தடை செய்யலாம். படம் பார்க்க, கிரிக்கெட் பார்க்க, உடனடிக் கடன் எடுக்க என்று வரும் ஏபிகேகளும் இதே வகைதான். அதில் ஒன்று அணுகல்தன்மை அனுமதி கேட்டால் உடனே அழித்துவிடுங்கள். அந்த அனுமதியைக் கொடுத்தால் திரையில் தெரிவதையெல்லாம் அது வாசிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானும் அமத்தும். வங்கி ஆப் திறந்திருக்கும்போது இதன் அர்த்தம் விளங்கும்தானே.

இரண்டாவது வழிக்கு ஐபோனும் ஒன்றுதான் அன்ட்ரொய்டும் ஒன்றுதான். "அக்கா, பிழையாக உங்கட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டுது, ஒருக்கா சொல்லுங்கோ" என்று தெரிந்த ஆளின் வட்ஸ்அப்பில் இருந்தே செய்தி வரும். அந்த ஆளின் கணக்கு ஏற்கெனவே போய்விட்டது. அந்த ஆறு இலக்கத்தைச் சொன்ன நிமிசத்தில் உங்களுடையதும் போகும், பிறகு உங்கள் பெயரில் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரரிடம் அவசரமாகக் காசு கேட்பார்கள். வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு வன்னியில் குறைவு, அதனால் இந்தக் களவு இங்கே நன்றாக வேலை செய்கிறது. தபால் திணைக்களம் பெயரில் பொதி வந்திருக்கிறது, சின்னக் கட்டணம் கட்டுங்கோ என்று வரும் இணைப்பும் இதே கதை. எந்தப் போனும் இதைத் தடுக்காது. வட்ஸ்அப் செற்றிங்ஸில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு ஒரு பின் இலக்கம் வையுங்கள், மீட்க ஒரு மின்னஞ்சலையும் கொடுங்கள். இரண்டு நிமிச வேலை, லட்ச ரூபா ஐபோனைவிட இது உங்களைக் கூடக் காக்கும். ஏதும் நடந்துவிட்டால் முதலில் வங்கிக்கு அடியுங்கள், பிறகு இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு.

மூன்றாவது, போனே களவுபோவது, அல்லது திருத்தக் கொடுத்த இடத்தில் திறந்து பார்ப்பது. என் தொழில்காரரைப் பற்றி நானே சொல்கிறேன்: டிஸ்பிளே மாற்றக் கடவுச்சொல் தேவையில்லை. மாற்றிய பிறகு தொடுதிரை, கமரா, ஒலி சரியா என்று பார்க்கத்தான் கேட்பார்கள், அதை நீங்கள் பக்கத்தில் நின்று திறந்து காட்டலாம். சாம்சங்கின் புது மொடல்களில் திருத்தும் நேரத்துக்கு உங்கள் தரவை மூடி வைக்க ஒரு முறை வந்திருக்கிறது, அதையும் கேட்டுப் பாருங்கள்.

உழைப்பு பற்றி. இங்கே போனைக் கொல்வது வெயிலும் புழுதியும்தான், எந்தக் கம்பனியின் பெயரும் இல்லை. ஐபோனைப் பாவிக்க ஏற்ற வெப்பநிலை 0 முதல் 35 பாகை வரை என்று அப்பிள் எழுதியிருக்கிறது. ஏப்ரலில் தகரக் கூரைக்குக் கீழே, அல்லது மோட்டார்சைக்கிளின் முன் தாங்கியில் ஒட்டுசுட்டானில் இருந்து மாங்குளம் வரை, அந்த 35ஐப் போன் எப்போதோ தாண்டிவிடும். சூட்டில் சார்ஜ் ஏற்றுவது பற்றரிக்குச் செய்யக்கூடிய மிக மோசமான வேலை. ஐபோன் 14 வரைக்கும் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகு 80 வீதம் மிஞ்சும் என்பதும், 15இல் இருந்து அது 1000 முறை என்பதும் அப்பிளின் கணக்கு. அது அளவான வெப்பநிலையில் போட்ட கணக்கு, எங்கள் வெயிலுக்கு அதில் கொஞ்சம் கழித்துப் பாருங்கள்.

புழுதி இன்னொன்று. "சார்ஜ் ஏறுதில்லை, போர்ட் போயிட்டுது" என்று கொண்டுவருகிற போனை லென்சுக்குக் கீழே வைத்துச் சார்ஜ் வாயைப் பார்த்தால், அடியில் கிரவல் புழுதியும் காற்சட்டைப் பை நூலும் வியர்வையும் சேர்ந்து செங்கட்டி மாதிரி இறுகிப்போய்க் கிடக்கும். ஒவ்வொரு முறை வயரைக் குத்தும்போதும் அதை நாங்களே இன்னும் உள்ளே அமத்தியிருப்போம். போனை நிப்பாட்டிவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியைச் சீவி மெல்லிதாக்கி, ஓரத்தில் இருந்து கிளப்பினால் ஒரு துண்டாகவே வெளியே வரும். வயர் "டக்" என்று உட்காரும், வேலை முடிந்தது. ஊசியோ பின்னோ விடாதீர்கள், உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்தால் அதுதான் உண்மையான செலவு. இதற்குப் போய் ஒரு புது போர்ட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

திருத்துவதில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். ஓடுகிற சாம்சங் ஏ வரிசைக்கு டிஸ்பிளேயும் பற்றரியும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அதே நாளில் கிடைக்கும், இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ்ஸில் வரும். ஐபோனுக்கும் உதிரிப்பாகம் இருக்கிறது, ஆனால் எக்ஸ்எஸ் காலத்தில் இருந்து அப்பிள் பாகங்களைப் போனோடு இணைத்து அடையாளம் வைக்கிறது. வெளிப் பற்றரி போட்டால் "அறியப்படாத பாகம்" என்று காட்டும், பற்றரியின் நலமும் நம்பகமாகத் தெரியாது. முகத்தைப் பார்த்துத் திறக்கும் பகுதி பழுதானால் எங்களால் அதை மாற்றிச் சரிசெய்வது பெரும்பாலும் நடக்காது. 2024இல் ஐஓஎஸ் 18உடன், 15இலும் அதற்குப் பிந்திய போன்களிலும் பாவித்த அசல் பாகத்தைப் போட்டுச் சரிப்படுத்தும் வழியைத் திறந்தார்கள், நல்ல விஷயம். இலங்கையில் அப்பிளின் சொந்தக் கடை கிடையாது. அனுமதி பெற்ற இடம் என்று போனால் கொழும்பு, இங்கிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அதற்கு மறுபக்கமும் உண்டு: ஐந்து வருசம் ஆன ஐபோன் ஐந்து வருசம் ஆன மலிவு அன்ட்ரொய்டைவிட வேகமாக இருக்கும். ஏ16க்கு ஆறு வருச அப்டேட் வருவது உண்மை, ஆனால் அதன் சிப் சாதாரணமானது. நாலாவது ஐந்தாவது வருசம் அது இழுத்து இழுத்துத்தான் ஓடும் என்று நான் நினைக்கிறேன். வாங்கினால் ராம் கூடின வகையை எடுங்கள்.

அண்ணாவிடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். எந்த மொடல், பற்றரி நலம் எத்தனை வீதம், பாகம் ஏதும் மாற்றியதா. செற்றிங்ஸில் "அபவுட்" பகுதியில் மாற்றிய பாகங்களின் விபரம் தெரியும், படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே எந்த வலையமைப்புக்கும் பூட்டப்படாத போனா என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். சிம் தட்டு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அமெரிக்காவில் விற்ற ஐபோன்களில் 14இல் இருந்தே தட்டு இல்லை, கனடாவிலும் வளைகுடா நாடுகள் பலவற்றிலும் 17இல் இருந்து இல்லை, போனுக்குள்ளேயே இருக்கும் இ-சிம் மட்டும்தான். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கொடுத்துவிடுவதற்கு முதல் அவர் தன் அப்பிள் கணக்கில் இருந்து வெளியேறி, போனை முழுதாக அழித்து, "ஹலோ" திரை வரும் நிலையில் தரவேண்டும். போனை அப்பிள் கணக்கோடு கட்டிவைக்கும் பூட்டு ஒன்று 2013இல் இருந்து இருக்கிறது. கணக்கு உள்ளே இருந்தபடி வந்தால் அவர் அங்கிருந்து நீக்கும் வரைக்கும் அந்தப் போன் கண்ணாடித் துண்டுதான். "நான் திறந்து தாறன்" என்று சொல்லும் கடைகளை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். போனின் தனி அடையாளமான ஐ.எம்.ஈ.ஐ இலக்கத்தை *#06# அடித்துப் பார்த்து வாங்கி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவு நிலையையும் முன்னமே விசாரியுங்கள். கடையில் வாங்கும் போனுக்கும் இது பொருந்தும், 1909க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பார்க்கலாம்.

இனி என் முடிவு. அண்ணாவிடம் இருப்பது 15 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் யோசிக்காமல் வாங்குங்கள், உங்கள் ஒரு லட்சத்தில் கொஞ்சத்தைப் பற்றரிக்கும் டிஸ்பிளே உடைந்தால் மாற்றுவதற்கும் ஒதுக்கி வையுங்கள். 13, 14 என்றால் சும்மா தந்தால் வாங்கலாம், ஆனால் ஐந்து வருசம் என்ற உங்கள் கணக்கில் கடைசி ஒன்றிரண்டு வருசம் முழு அப்டேட் இல்லாமல் போகலாம். 12, 11 என்றால் வேண்டாம். 11 இப்போது ஐஓஎஸ் 26இல் ஓடுகிறது, ஆனால் அதுவே ஏழாவது பதிப்பு, அதற்கு முந்திய எக்ஸ்எஸ், எக்ஸ்ஆரை ஏழோடுதான் நிறுத்தினார்கள். அந்த நிலையில் ஏ16 அல்லது அதற்குப் பின்னால் வந்த, அதே ஆறு வருச வாக்குறுதி உள்ள மொடல்தான் என் தெரிவு. பாதுகாப்பில் இதனால் பின்தங்கிவிடுவேனோ என்று பயப்படவேண்டாம். அடைப்பு ஒழுங்காக வருகிற, ஏபிகே போடாத அன்ட்ரொய்டில் வங்கி ஆப் வைத்திருப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அப்டேட் நின்றுபோன ஐபோனில் வைத்திருப்பதில்தான் தயக்கம்.

அம்மாவின் போன். அன்ட்ரொய்ட் 9க்கு அடைப்பு எப்போதோ நின்றுவிட்டது, ஆனால் அம்மாவுக்குத் தேவை வீடியோ அழைப்பும் படம் பார்ப்பதும் என்றால் கொடுக்கலாம். கொடுக்க முதல் உங்கள் கூகுள் கணக்கைச் செற்றிங்ஸில் போய் நீக்கிவிட்டுத்தான் அழியுங்கள், நீக்காமல் அழித்தால் மறுபடி உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு மறிக்கக்கூடும். அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்கு, அதில் வங்கி அட்டையும் சேமித்த கடவுச்சொற்களும் இல்லாமல். வங்கி ஆப் இந்தப் போனில் வேண்டவே வேண்டாம். வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு, மீட்பு மின்னஞ்சலாக உங்களுடையதைக் கொடுங்கள். வெளியில் இருந்து ஆப் போடும் அனுமதி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். அதோடு போனை மேசையில் மல்லாக்க வைத்து ஒரு விரலால் சுழற்றிப் பாருங்கள். பம்பரம் மாதிரிச் சுழன்றால் உள்ளே பற்றரி உப்பியிருக்கிறது, அப்படியென்றால் சார்ஜில் போடாமல் முதலில் அதை மாற்றுங்கள். பாகம் கையில் இருந்தால் அரை மணித்தியால வேலைதான்.